தடை இரண்டுக்குத்தான்: பால், முட்டை ஒவ்வாமையுள்ள மூன்று வயதுப் பையனின் சாப்பாடு – ஒரு நிகழ்வு ஆய்வு

பையனுக்கு 3 வயது. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை, ஷிஃப்ட் முறை. அம்மா வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். ஆயா (பாட்டி) இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் இவனை உணவு ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார். சீட்டில் நாலு வரிதான்: பால் ஒவ்வாமை, முட்டை ஒவ்வாமை உறுதி, எடை ஏறவில்லை, ரத்தம் குறைவு, எதையும் சாப்பிட மறுக்கிறான்.

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கட்டுப்பாடு உள்ள குழந்தைக்கு "வேற என்ன கொடுக்கலாம்?" என்பதுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இவன் விஷயத்தில் அதற்குப் பதில் தேடுவதற்கு முன்னால் வேறொரு வேலை இருந்தது. கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தவற்றில் உண்மையில் கூடாதவை எவை என்று பிரித்தாக வேண்டும். அதைச் செய்த பிறகுதான் புதிதாக எதையும் சேர்க்க இடமே கிடைத்தது.

முன்கதை

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஏழாவது மாதம் வீட்டு மாட்டுப் பாலில் தண்ணீர் கலந்து சங்கில் ஊட்டியிருக்கிறார்கள். சில நிமிடத்தில் வாயைச் சுற்றிச் சிவந்த தடிப்பு, அப்புறம் வாந்தி. பால் செரிக்கவில்லை என்று நினைத்து, அடுத்த மாதம் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் அதேதான் நடந்தது. மருந்துக் கடையில் கேட்டு லாக்டோஸ் இல்லாத பால்பொடி வாங்கிக் கொடுத்தார்கள். மறுபடியும் வாந்தி.

இந்த மூன்று முயற்சியும் பல வீடுகளில் நடப்பவை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும், பேதி ஆகும்; அளவு குறைந்தால் தொல்லையும் குறையும். இவனுக்கு இருந்தது பாலில் உள்ள புரதத்துக்கான ஒவ்வாமை. இதில் ஒரு சொட்டுகூடப் போதும், நிமிடங்களில் தடிப்பும் வாந்தியும் வரலாம், மூச்சுத் திணறல் வரைக்கும் போகலாம். லாக்டோஸை எடுத்த பால்பொடியிலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்களும் பசும்பால் புரதத்துக்கு மிக நெருக்கமானவை. அதனால் பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அவையும் ஒத்துக்கொள்வதில்லை.

பதினொன்றாவது மாதம் அவித்த முட்டை கொடுத்தபோது உதடு வீங்கியது. அதற்குப் பிறகுதான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கின் பிரிக் டெஸ்ட் (உணவுச் சாற்றைத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பால், முட்டை இரண்டுக்கும் தோல் தடித்தது. கோதுமை, வேர்க்கடலை, மீன், சோயா எதற்கும் தடிக்கவில்லை. முன்பு நடந்ததும் சோதனையும் ஒத்துப்போனதால் மருத்துவர்கள் அந்த இரண்டை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறமும் கரப்பான் குறையாமலே இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நிறையப் பணம் கட்டி, ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) முறையில் உணவுப் பரிசோதனை செய்துகொண்டார்கள். வந்த தாளில் கோதுமை, துவரம்பருப்பு, உளுந்து, தக்காளி, வாழைப்பழம், வேர்க்கடலை என்று பக்கம் முழுக்கச் சிவப்பு. அதோடு ஆயாவின் பட்டியல் சேர்ந்தது: கத்திரிக்காய், மீன், கருவாடு, வேர்க்கடலை கரப்பானுக்கு ஆகாது, வாழைப்பழமும் ஆரஞ்சும் சளி, பப்பாளி சூடு. கடைசியாகப் பையனே போட்ட பட்டியல்: ஈரமாக, குழைவாக, வெள்ளையாக இருக்கும் எதையும் தொடமாட்டான்.

எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியவை: ரசத்தில் தெளிவை மட்டும் ஊற்றிய சாதம் சில வாய், முறுகலான தோசை, அப்பளம், பொரி, உருளைக்கிழங்கு வறுவல், ரஸ்க், பால் இல்லாத டீ. உளுந்து சிவப்பில் இருந்தும் தோசையை யாரும் நிறுத்தவில்லை. அதை நிறுத்தினால் பிள்ளை பட்டினி என்று அம்மாவுக்குத் தெரியும்.

வந்த நாளில் பார்த்தது

எடை 11.2 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 3 வயது ஆண் குழந்தையின் நடு அளவு 14.3 கிலோ, குறைவு என்று கருதப்படும் கோடு 11.3. இவன் அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே. உயரம் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. ஹீமோகுளோபின் 9.6, இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச் சத்து குறைந்தால் பசியும் மந்தமாகும், பசி மந்தமானால் இரும்பு இன்னும் குறையும். அதனால் மருத்துவர் இரும்புச் சொட்டு மருந்தை உடனே தொடங்கியிருந்தார். பேச்சு, விளையாட்டு, மற்றவர்களோடு பழகுவது, மெல்லுவது, விழுங்குவது எல்லாம் வயதுக்கேற்ப இருப்பதாகவும் பார்த்துச் சொல்லியிருந்தார். சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் இவற்றைப் பார்க்காமல் உணவு ஆலோசனையில் இறங்கக்கூடாது.

மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துவந்து என் முன்னால் ஊட்டச் சொன்னேன். அம்மா மடியில் உட்காரவைத்து, போனில் வீடியோ போட்டு, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு பருப்பில்லாத குழைந்த சாதத்தை உருட்டி வாயில் வைத்தார். உருண்டை உதட்டுக்கு வருமுன்பே பையனுக்குக் குமட்டியது. அப்புறம் ஒரு தோசையைத் தட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனே ஓரத்தை ஒடித்து, சத்தம் வரக் கடித்து, பாதியைத் தின்று முடித்தான்.

அவன் சாப்பிடுபவை எல்லாமே உலர்ந்தவை, மொறுமொறுப்பானவை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பவை. அவனுக்கு முன்பு துன்பம் தந்தவை வெள்ளையானவை, ஈரமானவை. தயிர் சாதத்தைப் பார்த்து அலறும் குழந்தையை அடம் பிடிக்கிறான் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வாய் அரிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் அவன் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. இரண்டு வயதுக்குப் பிறகு புது உணவைக் கண்டு பயப்படுவது எல்லாக் குழந்தைகளிடமும் உள்ளதுதான். இவனிடம் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. ரஸ்க் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். நம் நாட்டில் 2020-ல் வந்த லேபிள் விதிகளின்படி பால், முட்டை, வேர்க்கடலை, சோயா, மீன், குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை மாதிரித் தானியங்கள் போன்றவை இருந்தால் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதில் பால் இருப்பதாகத் தெளிவாக எழுதியிருந்தது. அம்மா வெலவெலத்துப் போனார். ஆனால் பல மாதமாக அந்த ரஸ்க்கைத் தின்று அவனுக்குத் தடிப்போ வாந்தியோ வந்ததே இல்லை. அங்கிருந்தே மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த ஒரே ரஸ்க்கை அதே அளவில் தொடரலாம், பால் கலந்த வேறு எதையும் வீட்டில் முயலக்கூடாது, மற்றதை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்போம் என்றார். அது பின்னால் பெரிய விஷயமாயிற்று.

பட்டியலைச் சுருக்கியது

முதலில் அந்தச் சிவப்புத் தாள். ஐஜிஜி என்பது உடம்பு ஒரு உணவைச் சந்தித்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அடிக்கடி சாப்பிடும் பொருளுக்கு அது அதிகமாக இருப்பது இயல்பு. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் அமைப்புகள் சொல்லியிருக்கின்றன. உளுந்தும் பருப்பும் தின்கிற ஊரில் உளுந்தும் பருப்பும் சிவப்பில் வருவதில் என்ன அதிசயம்? வளரும் குழந்தையின் தட்டிலிருந்து பருப்பையும் கோதுமையையும் கடலையையும் ஒரு தாளை நம்பி எடுத்துவிடுவது பெரிய அநியாயம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆயாவின் பட்டியலை அப்படித் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். பேரனின் தோலை அவரைப் போல் தினமும் பார்ப்பவர் யாருமில்லை. ஆனால் அவருக்கு இருந்த வருத்தம் வேறு.

"இன்னாம்மா, வூட்ல ரெண்டு மாடு கட்டினு ஊருக்கே பாலு ஊத்தறேன். என் பேரனுக்கு ஒரு டம்ளரு குடுக்க வழியில்லியா?" என்று கேட்டார்.

"இல்லை ஆயா. இப்போதைக்குப் பால் வேண்டாம். ஆனா கடலையும் மீனும் பருப்பும் கொடுக்க வழியிருக்கு, நீங்க கூட இருந்து பார்க்கணும்" என்றேன்.

கரப்பானுக்குக் காரணம் உணவு மட்டுமில்லை. தோல் வறட்சி, வியர்வை, சொறிவது எல்லாம் சேரும். வேலூர் வெயிலில் கோடை முழுக்க அது ஏறத்தான் செய்யும். தோல் மருந்தும் குளித்ததும் தடவும் களிம்பும் ஒழுங்காகப் போட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு உணவாகத் திருப்பிக் கொண்டுவந்தோம். ஒரு பொருள், காலை நேரத்தில், சிறு அளவு. அடுத்த மூன்று நாலு நாள் வேறு புதிது கிடையாது. தோலைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆயாவுக்கு. வேர்க்கடலையை மட்டும், வேறு ஒவ்வாமைகள் உள்ள குழந்தை என்பதால், மருத்துவர் முன்னிலையில் முதல் தடவை கொடுத்தார்கள். துவரம்பருப்பு, கோதுமை, தக்காளி, வேர்க்கடலை, நெத்திலி என்று வரிசையாக வந்தன. எதற்கும் தோல் மோசமாகவில்லை என்று ஆயாவே சொன்னார்.

நேரமும் கட்டாயமும்

இதுதான் வீட்டுக்கு மிகக் கஷ்டமான பகுதி. அதுவரை பையனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லை. காலையிலிருந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் யாராவது பின்னால் ஓடுவார்கள். இடையில் டீ, பொரி, அப்பளம். பசி எடுக்க இடைவெளியே கிடையாது.

எது, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வது. எவ்வளவு, அல்லது வேண்டவே வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்வது. இதுதான் வைத்துக்கொண்ட விதி. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, நடுவில் இரண்டரை மணி நேரம் தண்ணீர் தவிர வேறில்லை. அரை மணிக்கு மேல் உட்காரவைப்பது இல்லை. போன் இல்லை. தாடையைப் பிடிப்பது இல்லை. "ஒரு வாய் துன்னு, கடைக்குக் கூட்டினு போறேன்" என்ற பேரமும் இல்லை. டீயை நிறுத்தினோம், அதில் பசியும் கெடும், உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதும் குறையும். ஒவ்வொரு வேளையிலும் அவன் நிச்சயம் தின்னும் பொருள் ஒன்று தட்டில் இருக்கும். பக்கத்தில் மற்றவர்கள் சாப்பிடுவதில் ஒரு துளி இருக்கும். அதைத் தொட்டாலும் சரி, தொடாவிட்டாலும் சரி.

முதல் வாரம் முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டான். ஆயா அழுதார். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளை காய்கிறான் என்று அம்மாவிடம் சத்தம் போட்டிருக்கிறார். எடை குறைவான குழந்தையிடம் இந்த முறையைக் கண்காணிப்பில்லாமல் செய்யக்கூடாது. வாரம் தவறாமல் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். இறங்கினால் மருத்துவரிடம் போவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். இறங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் தானாகவே "பசிக்குது" என்று கேட்டானாம். அந்த வீட்டில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அம்மா போனில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

முறுகலிலிருந்து தொடங்கியது

அவனுக்குப் பிடித்த தோசையை விட்டு விலகாமல், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். தோசை மாவில் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன். நிறம் பெரிதாக மாறவில்லை, முறுகலும் அப்படியே. அவன் கவனிக்காமல் தின்னும் வரை அதிலேயே நின்று, பிறகு இரண்டு ஸ்பூன். மெல்ல மெல்லப் பாதிக்குப் பாதியானது. அதில் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை போட்டதும் நிறுத்திவிட்டான். பச்சை தெரிந்துவிட்டது. கீரையைக் காயவைத்துப் பொடித்து எள்ளு மிளகாய்ப் பொடியோடு கலந்தபோது ஏற்றுக்கொண்டான். புது உணவு ஒன்றைக் குழந்தை ஏற்க எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவை அது கண்ணில் பட வேண்டியிருக்கும். இரண்டு தடவை துப்பியதும் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம்.

அப்பளம் பிடிக்கும் என்பதால் நெத்திலிக் கருவாடு. வெந்நீரில் ஊறவைத்து உப்பை நன்றாகப் போக்கி, மொறுமொறுவென்று பொரித்துத் தட்டின் ஓரத்தில். அப்பளம் போலவே நொறுங்கியது, முள்ளோடு தின்றான். ஆயாவுக்குப் பிடித்த கருவாடு பேரனுக்கும் பிடித்துப்போனதில் அவருக்கு இருந்த சந்தோஷம், பால் கொடுக்க முடியாத வருத்தத்தைக் கொஞ்சம் ஆற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். வேர்க்கடலை அவர்கள் கொல்லையிலேயே விளைவது. முழுக் கடலை இந்த வயதில் மூச்சுக்குழாயில் சிக்கும். அதனால் வறுத்துப் பொடித்து, தோசையில் நல்லெண்ணெயோடு தடவச் சொன்னேன். அங்கன்வாடிச் சத்துமாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்தால் தொடமாட்டான். பொட்டலத்தில் பால்பொடி சேர்க்கவில்லை என்று படித்துப் பார்த்துக்கொண்டு, மெல்லிய அடையாகத் தட்டிக் கல்லில் வாட்டினார்கள். அது இன்றுவரை அவனுடைய மாலைத் தீனி.

சுண்ணாம்புச் சத்துதான் எனக்குக் கவலையாக இருந்தது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020-ன் இந்தியப் பரிந்துரை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 364 மி.கி.; அவன் தின்னும் 40 கிராமில் 145 வரும். ஒரு டீஸ்பூன் எள்ளில் 60 சொச்சம், கொள்ளுப் பொடியிலும் முருங்கைப் பொடியிலுமாக இன்னொரு 80. நெத்திலி வாரத்தில் சில நாள்தான். எப்படிக் கூட்டினாலும் 300-ஐ ஒட்டித்தான் நின்றது. கீரையிலும் தானியத்திலும் உள்ளது முழுதாக உடம்பில் சேர்வதும் இல்லை. ஆகவே வைட்டமின் டி சேர்ந்த கால்சியம் சிரப்பை மருத்துவர் தொடரச் சொன்னார். தேங்காய்ப்பாலைப் பாலுக்கு மாற்றாகக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் பலர் சொல்லியிருந்தார்கள். ருசிக்கும் கொழுப்புக்கும் சரி. சுண்ணாம்போ புரதமோ அதில் பெரிதாக இல்லை. எடைக்கு எண்ணெய் உதவியது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 45 கலோரி. நெய் போடாத சாதத்தில் அதைத் தாராளமாக ஊற்றச் சொன்னேன்.

மாடு உள்ள வீடு

பால் கறந்த கையோடு ஆயா கொஞ்சினால் பையன் கன்னத்தில் தடிப்பு வந்துகொண்டிருந்தது. வெயில் தடிப்பு என்று நினைத்திருந்தார்கள். கறந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, முந்தானையை மாற்றிவிட்டுத்தான் தூக்குவது என்று வைத்தபின் அது நின்றது. மோர் கடையும் கரண்டியும் குழம்புக் கரண்டியும் ஒன்றாக இருந்தன, பிரித்தார்கள். பெரியவர்களுக்கான தயிர், மோர் கடைசியில், அவன் எழுந்த பிறகு.

வெளியில்தான் ஆபத்து அதிகம். ஆற்காடு மக்கன் பேடா இல்லாத விசேஷம் இந்தப் பக்கம் குறைவு. அதில் கோவா உண்டு. பிரியாணி மசாலாவில் தயிர் சேர்ப்பார்கள். கோயில் பொங்கலில் நெய். அங்கன்வாடியில் வாரத்தில் மூன்று நாள் அவித்த முட்டை. டீச்சரிடம் மருத்துவர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தோம். முட்டை நாளில் இவனுக்கு வீட்டிலிருந்து கடலைப் பொடி தோசை, தனித் தட்டு, சாப்பாடு முடிந்ததும் எல்லாக் குழந்தைகளுக்கும் கைகழுவல். அவர் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், உடம்பு முழுக்கத் தடிப்போடு வாந்தி எடுத்துச் சோர்ந்தால் ஒவ்வாமை சிரப் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்ற தாள் அங்கன்வாடிச் சுவரிலும் வீட்டுக் கதவிலும் ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கான மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அது மருத்துவமனையில் இருக்கிறது.

ஆறு மாதத்துக்குப் பிறகு

எடை 12.7 கிலோ, குறைவுக் கோட்டுக்கு மேலே. ஹீமோகுளோபின் 11.3. சாப்பிடும் பொருள்கள் மூன்று மடங்காகியிருக்கின்றன. சாம்பார் இன்னும் தெளிவு மட்டும்தான், ஆனால் பருப்பு அடை தின்கிறான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் சுருளப் பொரித்துக் கொடுத்தார்கள். தோலை மட்டும் கடித்துவிட்டு வைத்துவிட்டான். பழத்தில் கொய்யா மட்டும், அதுவும் காயாக இருக்கும்போது.

ரஸ்க் விஷயத்தை வைத்து மருத்துவமனையில் ஒரு நாள் இருக்கவைத்துச் சோதித்தார்கள். மாவோடு சேர்ந்து பேக்கரி அடுப்பில் (ஓவன்) அரை மணி நேரம் நன்றாகச் சுட்ட பாலில் புரதத்தின் வடிவம் மாறுகிறது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் அதைத் தாங்குகிறார்கள். பால் சேர்த்துச் சுட்ட கேக்கைச் சிறு சிறு அளவாகக் கூட்டிக்கொண்டே போனார்கள், ஒன்றும் ஆகவில்லை. சுட்ட பால் வாரத்தில் சில நாள் தரலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சிய பால், தயிர், நெய், இட்லிப் பானையில் வேகவைத்தது எதுவும் இதில் சேராது. அந்தச் சூடு போதாது. ஆயாவிடம் இதை இரண்டு தடவை விளக்கினேன். மூன்றாவது தடவை அவரே எனக்கு விளக்கினார்.

சுட்ட முட்டைக்கான சோதனை வரும் குளிர்காலத்தில். அதுவரை அங்கன்வாடியில் தனித் தட்டு தொடரும். இரும்புச் சொட்டு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அடுத்த வருகைக்குப் பையனையும் அவன் கேழ்வரகு தோசையையும் ஆயாவே தனியாகக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அன்று பீடிக் கணக்கு ஒப்படைக்கும் நாள்.